கோடும் பூச்சியமும்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே ரொறன்ரோவில் காலை பத்து மணி. இலண்டனிலும் பாரிஸிலும் இருப்பவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். சிட்னியிலிருந்து இணைந்திருக்கும் நண்பர்கள் நித்திரையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

ஒருங்கிணைப்பாளர் என்னிடம் ஒரு பயண நூலைப் பற்றிப் பேசச் சொன்னார். நான் எடுத்துக்கொண்டது ஆப்ஸ்லி செரி-கரார்ட் 1922இல் வெளியிட்ட ‘உலகின் மிக மோசமான பயணம்’ என்ற நூல். தமிழில் தலைப்பை நான்தான் இப்படிச் சொல்கிறேன். ஆனால் நூல் அறிமுகமாக மட்டும் இதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை. அந்த நூலில் எல்லோரும் கடந்துபோகும் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் கதை. ராபர்ட் ஸ்காட் தென்துருவத்தை அடையப் புறப்பட்ட பயணக் குழுவில் செரி-கரார்டும் ஒருவர். அப்போது வயது 25. கிட்டப்பார்வை உள்ளவர். குளிரில் கண்ணாடி போட முடியாது, பனி படிந்துவிடும். 1911 ஜூன் 27ஆம் தேதி, அண்டார்ட்டிகாவின் நடுக் குளிர்காலத்தில், நாள் முழுவதும் இருட்டாக இருக்கும் காலத்தில், எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ் என்ற இருவரோடு அவர் புறப்படுகிறார். போக வேண்டிய இடம் ராஸ் தீவின் மறுகோடியில் உள்ள க்ரோசியர் முனை. ஒரு வழிக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சறுக்கு வண்டிகளைத் தாங்களே இழுத்துக்கொண்டு போனார்கள். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 60 பாகையையும் தாண்டியது. வியர்வை உடையிலேயே உறைந்தது. பல் கிட்டித்துக் கிட்டித்துத் தன் பற்கள் உடைந்துபோனதாக அவர் எழுதுகிறார். க்ரோசியரில் புயல் அவர்களுடைய கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கூடாரம் இல்லாமல் திரும்ப முடியாது. சாவதற்குத் தயாராகிவிட்டார்கள். புயல் ஓய்ந்தபின் தேடிப்போய், அதே கூடாரத்தை அதிகம் சேதமில்லாமல் கண்டெடுத்தார்கள். ஐந்து வாரங்களுக்குப் பிறகு முகாமுக்குத் திரும்பினார்கள்.

இவ்வளவும் எதற்காக? முட்டைகளுக்காக. எம்பரர் பென்குவின் என்ற பேரரசப் பென்குவின் குளிர்காலத்தில்தான் முட்டையிடும். அந்தக் கருவை ஆராய்ந்தால் பறவை ஊர்வனவற்றிலிருந்து எப்படி வந்தது என்பது தெரியும் என்று அன்றைய அறிவியல் நம்பியது. ஐந்து முட்டைகள் எடுத்தார்கள், இரண்டு வழியில் உடைந்தன, மூன்று வந்து சேர்ந்தன. வில்சனும் பவர்ஸும் அடுத்த ஆண்டு ஸ்காட்டோடு துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்துபோனார்கள். 1913இல் செரி-கரார்ட் தனியாக அந்த மூன்று முட்டைகளை இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகிறார். அங்கே அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரு பற்றுச்சீட்டு வாங்க நெடுநேரம் காத்திருந்ததை அவர் கசப்போடு எழுதியிருக்கிறார். 1934இல் வந்த ஆய்வறிக்கை, இந்த முட்டைகளால் அறிவியலுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தது. அதற்குள் அந்தக் கோட்பாடே செல்வாக்கு இழந்திருந்தது.

நூலைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிறுத்துவார்கள். வீணான பயணம், ஆனால் அழகான நட்பு என்பார்கள். நானும் முதல் தரம் வாசித்தபோது அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் அந்த எண் கண்ணில் பட்டது. வில்சன் சில ஆண்டுகளுக்கு முன், ஸ்காட்டின் முதல் பயணத்தின்போதே, க்ரோசியருக்குப் போயிருந்தார். அப்போது பார்த்ததை வைத்து, ஏராளமான பறவைகள் இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் மூவரும் பனிப் பிளவுகளுக்குள் ஊர்ந்து இறங்கினார்கள். அங்கே இருந்தவை நூறு பறவைகள் அளவில்தான். மற்றவை எங்கே என்று அவர்கள் திகைத்தார்கள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. முட்டைகளை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார்கள்.

முட்டைகள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டன. ‘நூறு அளவில்’ என்ற குறிப்பு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் கருத்து. ஏன் என்று விளக்க, கடற்பறவைகளை எப்படி எண்ணுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

துருவப் பகுதிகளில் கடற்பறவைகளை எண்ணுவது என்றால், பறக்கிற, நீந்துகிற பறவைகளை எல்லாம் எண்ணுவது அல்ல. கடலில் இருப்பதை யார் எண்ண முடியும்? ஆனால் கடற்பறவைக்கு ஒரு கட்டாயம் இருக்கிறது. முட்டையிடக் கரைக்கு வந்தாக வேண்டும். அதனால் எண்ணுவது இணைகளை, அதாவது முட்டையோடு இருக்கும் கூடுகளை. அடேலிப் பென்குவின் சிறு கற்களை அடுக்கிக் கூடு கட்டும். பக்கத்துக் கூட்டுக்காரர் கொத்தினால் எட்டாத தூரத்தில் அடுத்த கூடு. நவம்பரில் முட்டையிடும். ஓர் அடைகாக்கும் பறவை என்றால் ஓர் இணை, மற்றது கடலில் இரை தேடுகிறது. எல்லாக் கூடுகளிலும் முட்டை வந்து, இழப்புகள் அதிகமாவதற்கு முன் இருக்கும் அந்தச் சில நாட்களில் எண்ண வேண்டும். கையில் சொடுக்கி எண்ணும் சிறு கருவியோடு ஒரு மேட்டில் நின்று எண்ணுவார்கள். ஒரே கூட்டத்தை மூன்று தரம் எண்ணுவார்கள். மூன்றும் நன்றாக வேறுபட்டால் மறுபடி எண்ண வேண்டும். அடுத்த ஆண்டு அதே இடம், அதே பருவம், அதே முறை. ஒரு வாரம் பிந்திப் போனால் எண் குறையும், ஆனால் பறவை குறைந்திருக்காது. எண்ணுபவர் தன் வசதியை மாற்றினால் பறவைகளின் கதை மாறிவிடும்.

இப்படி எண்ணியதன் பலன் எண்ணியவருக்குக் கிடைப்பது அரிது. எலிபன்ட் தீவு என்று ஒன்று இருக்கிறது. ஷாக்கிள்டனின் ஆட்கள் கப்பலை இழந்து தங்கிய தீவு என்று வாசித்திருப்பீர்கள். 1971இல் ஒரு பிரித்தானியப் படைத்துறைப் பயணக் குழு அங்கே போய், ஒவ்வொரு பாறையாக ஏறி, தாடைவரிப் பென்குவின்களை எண்ணியது. ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இணைகள். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2020இல் இன்னொரு குழு போய் எண்ணியபோது இருந்தவை சுமார் 53,000 இணைகள். பாதிக்கும் மேல் இல்லை. 1971இல் யாரும் எண்ணாமல் விட்டிருந்தால், 2020இல் போனவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? “ஐம்பதாயிரம் இணைகள், என்ன அற்புதமான காட்சி” என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு வந்திருப்பார்கள்.

இதற்கு எதிர்மாறும் நடந்திருக்கிறது. அண்டார்ட்டிகத் தீபகற்பத்தின் வடமுனைக்கு அருகே டேஞ்சர் தீவுகள் என்ற சிறு தீவுக் கூட்டம். பெயருக்கேற்ற இடம், கடற்பனி சூழ்ந்திருக்கும், கப்பல் நெருங்காது. செயற்கைக்கோள் படங்களில் அங்கே பறவை எச்சத்தின் கறை பெரிதாகத் தெரிவதை ஆய்வாளர்கள் 2014இல் கண்டார்கள். 2015 டிசம்பரில் போய்த் தரையில் நின்றும் ட்ரோன் பறக்கவிட்டும் எண்ணினார்கள். 2018இல் வெளியான கணக்கு 7,51,527 அடேலி இணைகள். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அடேலிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருவதை எண்ணிக்கொண்டிருந்த அதே காலத்தில் இவை இங்கே இருந்திருக்கின்றன. இரண்டும் உண்மை. ஓர் இடத்து எண்ணை வைத்துக்கொண்டு உலகம் முழுவதற்கும் அழவும் கூடாது, கொண்டாடவும் கூடாது.

இனிப் பேரரசப் பென்குவினுக்கு வருவோம். அதற்குக் கூடு இல்லை. தரைகூட இல்லை. கரையோடு ஒட்டி உறைந்த கடற்பனியின் மேல் நின்றுதான் பெரும்பாலான கூட்டங்கள் இனம்பெருக்குகின்றன. ஒரே முட்டை. தாய் அதைத் தகப்பனின் கால்களின் மேல் வைத்துவிட்டுக் கடலுக்குப் போய்விடும். தகப்பன் இருட்டிலும் புயலிலும் இரண்டு மாதத்துக்கு மேல் உண்ணாமல் நின்று அடைகாக்கும். குஞ்சு பிறந்தபின் சாம்பல் நிறத் தூவி உதிர்ந்து, தண்ணீர் புகாத இறகு முளைக்க டிசம்பர் ஆகிவிடும். ஏப்ரலிலிருந்து டிசம்பர்வரை காலடியில் பனி உடையாமல் இருக்க வேண்டும். அதற்குமுன் உடைந்தால் குஞ்சு தண்ணீரில் விழும், நனையும், உறையும்.

இந்தப் பறவையை யார் குளிர்காலத்தில் போய் எண்ணுவது? செரி-கரார்ட் போன விதம் உங்களுக்குத் தெரியும். 2009இல் பீட்டர் ஃப்ரெட்வெல், ஃபில் டிராதன் என்ற பிரித்தானிய அண்டார்ட்டிக ஆய்வகத்து அறிவியலாளர்கள் ஒரு வழி கண்டார்கள். வெள்ளைப் பனியில் செம்பழுப்பு நிறக் கறை வேறு எதனாலும் வராது, எச்சத்தால்தான் வரும். செயற்கைக்கோள் படத்தில் பறவை தெரியாவிட்டாலும் கறை தெரியும். அப்படிக் கறையைத் தேடியே அதுவரை யாருக்கும் தெரியாத பத்துக் கூட்டங்களைக் கண்டுபிடித்தார்கள். 2012இல் இன்னும் துல்லியமான படங்களை வைத்து 46 கூட்டங்கள், சுமார் 5,95,000 பறவைகள் என்று கணக்கிட்டார்கள். ஓர் உயிரினம் முழுவதையும் வானிலிருந்து எண்ணிய முதல் முயற்சி என்று அதைச் சொன்னார்கள். இப்போது தெரிந்த கூட்டங்கள் 66.

வானிலிருந்து பார்த்தவர்கள் சீக்கிரமே பார்க்க விரும்பாததையும் பார்த்தார்கள். வெடெல் கடலோரம் ஹாலி விரிகுடாவில் உலகின் இரண்டாவது பெரிய கூட்டம் இருந்தது, ஆண்டுதோறும் 14,000 முதல் 25,000 இணைகள். 2016இல் புயலில் பனி காலத்துக்கு முன்பே உடைந்தது. அந்த ஆண்டின் குஞ்சுகள் ஏறத்தாழ எல்லாமே போயின. 2017இலும் 2018இலும் அதே நிலை. அதே காலத்தில் தெற்கே டாசன்-லாம்டன் என்ற இடத்துக் கூட்டம் பத்து மடங்குக்கு மேல் பெருகியது. ஒரு பகுதிப் பறவைகள் இடம்பெயர்ந்திருக்கின்றன. டாசன்-லாம்டனை மட்டும் பார்த்தவர் நல்ல செய்தி என்று எழுதியிருப்பார்.

இடம்பெயர்ந்து வந்த ஊரின் எண் கூடுவதை வளர்ச்சி என்று சொல்லக் கூடாது என்பது நம்மில் பலருக்கு யாரும் விளக்காமலே தெரியும்.

பிறகு 2022. பெல்லிங்ஸ்ஹவுசன் கடலோரம் ஐந்து கூட்டங்கள். அந்த ஆண்டு கடற்பனி அசாதாரணமாகக் குறைந்தது. ஐந்தில் நான்கு கூட்டங்களின் அடியிலிருந்த பனி குஞ்சுகளுக்கு இறகு முளைக்கும் முன்பே உடைந்துபோனது. அந்த நான்கிலும் எந்தக் குஞ்சும் பிழைத்திருக்காது என்று 2023இல் எழுதினார்கள். படங்களில் என்ன தெரிந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மாதம் கறை இருந்தது. அடுத்த படத்தில் கறையும் இல்லை, அது படிந்திருந்த பனியும் இல்லை, கடல் இருந்தது.

இதில் ஒரு நிதானமும் வேண்டும். பெரிய பறவைகள் இறக்கவில்லை. இந்தப் பறவை இருபது ஆண்டுகள்போல வாழும், ஓர் ஆண்டு தோற்றால் அடுத்த ஆண்டு முயலும். அதனால்தான் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த ஆண்டுக் குஞ்சுகள் வளர்ந்து ஐந்து வயதளவில் இணை சேர வர வேண்டிய காலத்தில்தான் வராமல் போனது கணக்கில் தெரியும். அதுவரை எண்ணிக்கொண்டே இருந்தால்தான்.

வடதுருவப் பக்கம் ஒரு மனிதரைச் சொல்லாமல் போக முடியாது. ஜார்ஜ் டிவோக்கி. அலாஸ்காவின் வடகரையில் கூப்பர் தீவு என்ற சரளைத் திட்டில் கருப்பு கில்லெமாட் என்ற கடற்பறவைகள், கடற்படை விட்டுப்போன மரப்பெட்டிகளுக்குள் கூடு வைத்திருப்பதை 1970களின் தொடக்கத்தில் பார்த்தார். 1975 முதல் ஒவ்வொரு கோடையிலும் அங்கே போய், கூடாரமடித்து, ஒவ்வொரு கூட்டையும் பார்த்து, முதல் முட்டை எந்த நாளில் வந்தது என்று குறித்தார். அவர் தேடிப்போனது பறவையின் வாழ்க்கையை. ஆண்டுகள் சென்றபின் அந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, முட்டையிடும் நாள் முன்னே முன்னே நகர்வது தெரிந்தது. பனி முன்னதாக உருகிக்கொண்டிருந்தது. தான் அறியாமலே அவர் ஒரு காலநிலைப் பதிவேட்டை எழுதியிருந்தார். 1980களின் இறுதியில் அங்கே 200க்கும் மேற்பட்ட இணைகள். பிறகு கடற்பனி கரையைவிட்டு விலகியதும் பறவைக்கு இரை தூரமானது. 2002இலிருந்து, பனியில்லாமல் தீவில் ஒதுங்கிய துருவக் கரடிகள் கூடுகளை உடைத்துக் குஞ்சுகளைத் தின்னத் தொடங்கின. மரப்பெட்டிகளுக்குப் பதிலாகக் கரடி உடைக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டிகளை வைத்தார். இன்று மிஞ்சியிருப்பவை சில பத்து இணைகள். அவர் தொடர்ந்து போனார். குறைந்துகொண்டே போகும் ஒன்றை அரை நூற்றாண்டு போய் எண்ணுவதற்கு என்ன மனம் வேண்டும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

இப்போது என் கதை, சுருக்கமாக. நான் ஆய்வாளன் அல்ல. இங்கே ஒரு பண்டகசாலையில் இரவு வேலை, இருப்புக் கணக்கு எடுப்பது. ஓய்வில் கொஞ்சம் எழுதுவேன். ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2014இல் தொடங்கிய ‘பென்குவின் வாட்ச்’ என்ற இணையத் திட்டம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். அண்டார்ட்டிகாவில் பாறைகளில் பொருத்திய தானியங்கிக் கேமராக்கள் ஆண்டு முழுவதும் படம் எடுக்கின்றன. இலட்சக்கணக்கான படங்கள். அவற்றில் பெரிய பறவை, குஞ்சு, முட்டை என்று புள்ளி வைக்கப் பொதுமக்களை அழைத்தார்கள். ஒரே படத்தைப் பலர் பார்ப்பார்கள், எல்லோருடைய புள்ளிகளையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள். வேலை முடிந்து வந்து, நித்திரை வரும்வரை நான் புள்ளி வைத்தேன்.

தொடக்கத்தில் நான் நல்ல தொண்டன் இல்லை. குஞ்சுகள் நிறைந்த படம் வந்தால் ஆசையோடு செய்வேன். ஆனால் வெறும் பாறையும் பனியுமாக ஒரு படம், அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும். படத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கும். மூன்று விடைகள்: ஆம், இல்லை, சொல்ல முடியவில்லை. சலிப்பில், சரியாகப் பார்க்காமலே ‘சொல்ல முடியவில்லை’ என்று அழுத்திவிட்டு அடுத்ததுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாலைந்து மாதம் இப்படிப் போனது.

ஒருநாள் விடிகாலையில் அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. அப்பா யாழ்ப்பாணத்தில் விதானையாராக இருந்தவர். தன் பிரிவில் எந்த வீட்டில் எத்தனை பேர் என்று நிவாரண அட்டைக்காக அடிக்கடி கணக்கெடுக்க வேண்டியிருக்கும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னை சைக்கிள் கரியரில் இருத்திக் கொப்பியையும் தந்து கூட்டிப்போவார். ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. நான் அந்த வரிசையில் ஒரு கோடு இழுத்தேன். அப்பா சைக்கிளை நிற்பாட்டிவிட்டுச் சொன்னார்: “கோடு போடாதை பிள்ளை. கோடெண்டால் நாங்கள் போய்ப் பாக்கேல்லை எண்டு அர்த்தம். போய்ப் பாத்து ஒருத்தரும் இல்லையெண்டால் பூச்சியம் போடு. பூச்சியமும் ஒரு கணக்குத்தான்.”

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அந்தக் கொப்பிகள் போய்விட்டன. அதற்குப் பின் சில ஆண்டுகளுக்கு எங்கள் பிரிவில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் இல்லை என்று கேட்டால், பூச்சியம்கூட இல்லை, கோடுதான். அப்பா கடைசிவரைக்கும் வீட்டு வரிசையை வாயால் சொல்லிக்கொண்டிருப்பார். மேற்கொண்டு அதைப் பற்றிப் பேச இது இடமில்லை.

ஆனால் அன்றிலிருந்து வெறும் படங்களை நான் விட்டதில்லை. பெரிதாக்கிப் பார்ப்பேன். கேமராக் கண்ணாடியைப் பனி மூடியிருந்தால் ‘சொல்ல முடியவில்லை’. பாறை தெளிவாகத் தெரிந்து, பறவை இல்லாவிட்டால் ‘இல்லை’. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் இந்தத் துறையின் அறம் என்று எனக்குப் படுகிறது. பறவைகள் எந்த நாளில் வந்தன என்பதை அறிய, அதற்கு முந்திய நாள் அவை வரவில்லை என்பதை ஒருவர் பார்த்திருக்க வேண்டும்.

க்ரோசியருக்குத் திரும்பி முடிக்கிறேன். 2000ஆம் ஆண்டில் அங்கே பேரரசப் பென்குவின் குஞ்சுகள் 1201. அந்த ஆண்டு ராஸ் பனித்தட்டிலிருந்து உடைந்த ஒரு மாபெரும் பனிப்பாறையின் துண்டு 2001இல் க்ரோசியரில் வந்து மோதி, அவை நிற்கும் இடத்தையே நொறுக்கியது. 2001இல் குஞ்சுகள்: பூச்சியம். அந்தப் பூச்சியத்தை அங்கே போய்ப் பார்த்தவர்கள் எழுதினார்கள். அதன்பின் சில ஆண்டுகள், எந்த ஆண்டிலும் 2000ஆம் ஆண்டின் கணக்கில் 40 சதவீதத்தைத் தாண்டவில்லை. அவற்றையும் எழுதினார்கள். இன்றும் அங்கே பறவைகள் இருக்கின்றன, இன்றும் எண்ணுகிறார்கள். அந்த வரிசையின் தொடக்கத்தில், இருட்டில், கண்ணாடி போட முடியாத ஒரு இளைஞனும் அவனுடைய இரண்டு நண்பர்களும் கண்ட ‘நூறு அளவில்’ இருக்கிறது. அது துல்லியமான எண் இல்லை. ஆனால் கோடும் இல்லை.

நூலை வாசியுங்கள். முட்டைகளுக்காக வாசித்தாலும் சரி, நட்புக்காக வாசித்தாலும் சரி, அந்த இடம் வரும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள்.

கேள்விகள் இருந்தால் எழுதுங்கள். சிட்னிக்காரர்கள் முதலில் கேட்கட்டும், அவர்கள் நித்திரை கொள்ள வேண்டும்.